முழங்கை நோகிறது, நாரி பிடிக்கிறது: கோல்ஃபை விட்டுவிடவா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 56 வயது. ஸ்காபரோவில் வசிக்கிறேன், தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு வேலைத்தல நண்பர்கள் பேர்ச்மவுண்ட் வீதியிலுள்ள டாம் ஓ ஷான்டர் மாநகர மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கோல்ஃப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிறு காலையில் 18 குழிகளும் நடந்தே விளையாடுவேன். கிழமையில் இரண்டு மாலைகள் பயிற்சித் திடலுக்குப் போய், ஒவ்வொரு முறையும் 100 பந்துகள் அடிப்பேன். மே மாதத்திலிருந்து வலது முழங்கையின் உட்பக்கம் நோகிறது; தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதுகூடச் சுள்ளென்கிறது. விளையாடிய மறுநாள் நாரியின் வலப்பக்கம் பிடித்துக்கொள்கிறது. மைதானத்துக்குப் போகுமுன் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் ஒன்றும், வந்தபின் ஒன்றும் எடுக்கிறேன். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், பிரஷருக்கு பெரின்டோப்ரில். போன மாதம் பதின்மூன்றாவது குழியருகே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. வெய்யில்தான் காரணம் என்று நினைத்து நிழலில் இருந்தேன். நண்பர் தந்த கோக்கைக் குடித்ததும் சரியாகிவிட்டது. "பணக்காரர் விளையாட்டு உங்களுக்கு எதற்கு, விட்டுவிடுங்கள்" என்கிறார் மனைவி. விட்டுவிடவா? முழங்கைக்கு ஊசி போடலாமா?

பதில்: விளையாட்டை விட வேண்டியதில்லை. ஆனால் முழங்கைக்கும் நாரிக்கும் போகுமுன், வெய்யில் என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்தப் பதின்மூன்றாவது குழிச் சம்பவத்தைப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் அவசரமான விடயம் அதுதான்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, இனிப்புப் பானம் குடித்ததும் தெளிவு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அது பெரும்பாலும் இரத்தத்தில் சீனியின் அளவு இறங்கியதன் அடையாளம். மெட்ஃபோர்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல; அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, நீங்கள் சாப்பிட்டீர்களா, எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. 18 குழிகளையும் நடந்து முடிக்க நான்கு அல்லது ஐந்து மணித்தியாலங்கள் ஆகும்; பந்தைத் தேடி அங்குமிங்கும் போவதையும் சேர்த்தால் எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர் நடந்துவிடுவீர்கள். அதிகாலையில் ஒரு பாண் துண்டோடு குளிசையைப் போட்டுவிட்டுப் புறப்படுகிறவருக்குப் பதின்மூன்றாவது குழியில் சீனி இறங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே, சீனி பார்க்கும் கருவி இனி உங்கள் கோல்ஃப் பையிலேயே இருக்கட்டும். தொடங்குமுன் ஒரு முறையும், ஒன்பதாவது குழி முடிந்ததும் ஒரு முறையும் பாருங்கள். சீனி லீற்றருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் விரைவுச் சீனி, அதாவது 150 மில்லிலீற்றர் அளவு பழச்சாறு அல்லது சாதாரண கோக் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். டயட் கோக் இதற்கு உதவாது. பழக்கத்தில் அதைத்தான் பையில் வைத்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அளவு 5க்கு மேல் ஏறி, தலை முழுமையாகத் தெளியும்வரை கார் ஓட்டக் கூடாது. விளையாட்டு முடிந்தபின் வெறும் வயிற்றில் பியர் குடிப்பதும் சீனியை மேலும் இறக்கும். விளையாடும் நாட்களில் கிளிக்லசைட்டின் அளவைக் குறைப்பதா, அல்லது சீனியை இப்படி இறக்காத வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை உங்கள் குடும்ப வைத்தியரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

அடுத்தது ஐபுப்ரோஃபென். இதை நிறுத்திவிடுங்கள். நீரிழிவு உள்ளவரின் சிறுநீரகம் ஏற்கெனவே கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய உறுப்பு. பெரின்டோப்ரில் எடுப்பவர், வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் ஐபுப்ரோஃபெனையும் சேர்த்து எடுத்தால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. குருதி அமுக்கமும் ஏறுகிறது. பிரஷருக்கான குளிசையில் நீர் வெளியேற்றும் மருந்து ஏதாவது சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இவை தவிர, விளையாடுமுன் வலிநிவாரணி எடுப்பதில் இன்னொரு தீமை உண்டு: "இத்துடன் நிறுத்து" என்று முழங்கை சொல்வது உங்களுக்குக் கேட்காமல் போய்விடுகிறது. நோ தாங்கமுடியாத நாளில், மருந்தகத்தில் சீட்டில்லாமலே கிடைக்கும் டிக்ளோஃபெனாக் ஜெல்லை முழங்கையில் பூசலாம். அதில் மிகக் குறைந்த அளவே இரத்தத்தில் கலக்கிறது. உங்கள் நிலையில் அதையும் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குவது நல்லது.

இப்போது முழங்கைக்கு வருவோம். வலது உள்ளங்கையை மேல்நோக்கி மேசையில் வையுங்கள். மணிக்கட்டை நீங்கள் மேலே மடக்க முயலும்போது இடக்கையால் அதைக் கீழே அமுக்குங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் சுள்ளென்று நொந்தால், அது பெரும்பாலும் 'கோல்ஃப் முழங்கை' என்று சொல்லப்படுவதுதான். (பொழுதுபோக்காகக் கோல்ஃப் விளையாடுகிறவர்களுக்கு, வெளிப்பக்கம் நோகும் 'டென்னிஸ் முழங்கை'யும் குறைவில்லாமல் வருகிறது.) மணிக்கட்டை மடக்கும் தசைகளெல்லாம் வந்து பொருந்தும் தசைநாண், ஆறுவதற்கு அவகாசமில்லாமல் திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்து போயிருக்கிறது. இதில் வீக்கத்தைவிட நைவுதான் அதிகம். வீக்கத்தைக் குறைக்கும் குளிசைகள் இதைக் குணப்படுத்தாமைக்குக் காரணம் அதுவே.

நைய வைத்தது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அல்ல என்று நினைக்கிறேன். கணக்குப் பாருங்கள்: 18 குழிகளை 100 அடிகளில் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் 35 அல்லது 40 அடிகள் புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மென்மையான தட்டல்கள். எஞ்சிய 60 அடிகளிலும் முழு வீச்சு எல்லாமில்லை. அவை நான்கு, ஐந்து மணித்தியாலங்களில் பரவி, ஒவ்வொன்றுக்குமிடையே ஒரு நடையோடு வருகின்றன. பயிற்சித் திடலிலோ ஒரே இடத்தில் நின்று, ஒரு மணித்தியாலத்துக்குள் 100 முழு வீச்சு, கிழமைக்கு 200. அதுவும் கொங்கிரீட் தளத்தின் மேல் விரித்த செயற்கைப் புற்பாயில். மைதானத்தில் மட்டை பந்துக்கு முன்பே தரையில் பட்டால், மண் பெயர்ந்து பந்து பத்து யார் தூரம் மட்டும் போய் விழும். பிழை உடனே தெரிந்துவிடும். புற்பாயில் அதே பிழையைச் செய்தால் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், பந்தும் ஓரளவு ஒழுங்காகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தப் பிழையின் அதிர்வு முழுவதையும் வாங்கிக்கொள்வது முழங்கை. திடலில் அடிக்கும் பந்துகளின் எண்ணிக்கையை அரைவாசியாக்குங்கள். புல்லிலிருந்து அடிக்க விடும் திடல் கிடைத்தால் அங்கே போங்கள்.

என்னிடம் வரும் நம்மவர்களில் பலர் ஊரில் கிரிக்கெட் மட்டை பிடித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு கோல்ஃப் மட்டையையும் இறுக்கிப் பிடித்துக் கையால் அடிக்கும் பழக்கம் உண்டு. ஒரு நோயாளி தன் மட்டையைச் சிகிச்சை அறைக்கே கொண்டு வந்து பிடித்துக் காட்டினார். விரல் மூட்டுகள் வெளுத்துப்போயிருந்தன. இன்னொரு காரணத்தையும் அந்த மட்டையிலேயே பார்த்தேன்: பழைய சாமான் விற்பனையில் வாங்கியது, கைப்பிடி ரப்பர் தேய்ந்து கண்ணாடிபோல் வழுக்கியது. வழுக்கும் பிடியை யாராக இருந்தாலும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். உங்கள் மட்டைகளும் பழையவையென்றால், கைப்பிடிகளை மட்டும் மாற்றுங்கள். உருக்குத் தண்டைவிடக் கிரபைட் தண்டு அதிர்வைக் குறைவாகக் கடத்தும் என்பதும் உண்மை. அதற்காகப் புது மட்டைத்தொகுதி வாங்கும்படி நான் சொல்லமாட்டேன்.

ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஸ்டீரொய்ட் ஊசி சில கிழமைகளுக்கு அருமையாகக் கேட்கும். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களைவிட நிலைமை மேலாக இருப்பதில்லை, நோ திரும்பி வருவதும் கூடுதல். நீரிழிவுக்காரருக்கு அது சில நாட்களுக்குச் சீனியையும் ஏற்றிவிடும். தசைநாணை மெதுவாகப் பலப்படுத்தும் பயிற்சியே முதல் சிகிச்சை. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி ஒரு கிலோ எடையைப் பிடியுங்கள். மேலே தூக்குவதற்கு இடக்கை உதவட்டும். கீழே இறக்குவதை வலக்கை மட்டும், ஐந்து வரை எண்ணி மெதுவாகச் செய்யட்டும். 15 தடவை, சிறிது ஓய்வு, இப்படி மூன்று சுற்று, நாளுக்கு ஒரு முறை. செய்யும்போது இலேசாக நொந்தால் பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் எடையைக் குறையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகள் பொறுமை வேண்டும். சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் நரம்பும் நெருக்குப்படுகிறது என்று பொருள். அதை வைத்தியர் பார்க்க வேண்டும். முழங்கையைத் தொட்டால் நோகாமல், மேட்டில் நடக்கும்போது மட்டும் கையோ, தாடையோ, நெஞ்சோ இறுகினால் அது தசைநாண் நோ அல்ல, இருதயம். மட்டையைப் போட்டுவிட்டு 911 அழையுங்கள். தெற்காசியர்களாகிய நமக்கு இருதய நோய் இளவயதிலேயே வருவதால், உங்கள் வயதில் நீரிழிவும் பிரஷரும் சேர்ந்திருக்கும்போது இதை எழுதாமல் விடமுடியாது.

நாரியைப் பொறுத்தவரை, வலக்கையாட்டக்காரருக்கு வலப்பக்கம் பிடிப்பது வழமை. பந்தைத் தொடும் கணத்தில் உடல் ஒரே நேரத்தில் திரும்பவும் வலப்பக்கம் சரியவும் செய்கிறது. அப்போது கீழ் முள்ளந்தண்டில் உடல் எடையின் எட்டு மடங்கு வரையான அமுக்கம் ஏறுவதாக அளந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற உடலோடு, காரிலிருந்து இறங்கி நேரே முதல் பந்தை முழுப் பலத்தோடு அடிப்பதுதான் பிரச்சினை. பத்து நிமிடம் முன்பே போய், வேகமாக நடந்து, இடுப்பையும் தோளையும் சுழற்றி, மிகச் சிறிய மட்டையால் அரை வீச்சிலிருந்து தொடங்குங்கள். பையைத் தோளில் சுமக்காமல் தள்ளுவண்டியில் வையுங்கள். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது முதுகை வளைக்காமல், ஒரு கையை மட்டையில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, மற்றக் காலில் சாய்ந்து எடுங்கள். வயதான ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இயன்மருத்துவர்கள் வீட்டு வேலைக்கும் இதே முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நோ முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் பலவீனமானாலோ, காய்ச்சலோ எடை குறைவோ இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்று கிழமைகளுக்கு முழு வீச்சு வேண்டாம். பந்தை உருட்டுவதையும் சிறு தட்டல்களையும் தொடரலாம். பிறகு டென்டோனியா பார்க் மாநகர மைதானம் போன்ற இடத்தில் தொடங்குங்கள். அங்கே எல்லாக் குழிகளும் குறுந்தூரம் என்பதால், நீண்ட மட்டையால் ஓங்கி அடிக்கும் தேவையே இல்லை. அதற்குப் பின்பு டாம் ஓ ஷான்டரில் ஒன்பது குழிகள், நோ இல்லாவிட்டால் 18. அடுத்த வருடம் ஏப்ரலில் மைதானம் திறந்ததும் ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு ஒரேயடியாக இறங்கவும் வேண்டாம். இந்த மே மாத நோ அப்படித்தான் தொடங்கியிருக்கக்கூடும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ மாநகரம் நடத்தும் ஐந்து மைதானங்களிலும் சந்தா கட்டி அங்கத்தவராக வேண்டியதில்லை. விளையாடும் நாளுக்கான கட்டணம் செலுத்தினால் போதும். ஸ்வீடனில் மூன்று இலட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2008-இல் வெளியான ஆய்வு, அதே வயதும் பாலும் சமூகநிலையும் கொண்ட மற்றவர்களைவிட அவர்களின் இறப்பு வீதம் 40 சதவீதம் குறைவு என்று கண்டது. கோல்ஃப்தான் ஆயுளைக் கூட்டியது என்று அதிலிருந்து முடிவு கட்டமுடியாது. ஆரோக்கியமானவர்களே தொடர்ந்து விளையாடியுமிருக்கலாம். ஆனாலும் சீனியும் பிரஷரும் உள்ள ஒருவர் கிழமைதோறும் எட்டுக் கிலோமீற்றர் விரும்பி நடக்கும்போது, அதை நிறுத்தும்படி எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். மனைவியையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். காலைப் பனியில் சப்பாத்து நனைந்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதங்களில் கொப்புளம் உண்டா என்று பார்க்கவும் அவர் உதவலாம்.