பழைய கம்ப்யூட்டர் ப்ராசசர்ல இருந்து தங்கம் எடுக்கலாமா, மூக்குத்தி அளவாவது தேறுமா?

சுங்கை சிப்புட் பக்கத்து தாமான்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, பழைய இரும்பு கடையில ஒரு சாக்கு ப்ராசசர் வாங்கிட்டேன், 486, பென்டியம், பென்டியம் 4 எல்லாம் கலந்து கிடக்கு, கொஞ்சம் ரேமும் இருக்கு. வீடியோவுல ஆசிட் ஊத்தி தங்கம் எடுக்கறாங்க. எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு, ஆசிட் எங்களுக்கு புதுசு இல்ல. வீட்டு பின்னாடி பாத்திரம் கழுவற இடத்துல செய்யலாமா? மகளுக்கு ஒரு மூக்குத்தி அளவாவது தேறுமா?"

தம்பி, முதல்ல அந்த ஆசிட் பேச்சை முடிச்சிடுவோம், ஏன்னா எனக்கு அதான் பயமா இருக்கு. அப்பா பால் கொட்டாயில ரப்பர் பால் உறையப் போட்டது பார்மிக் ஆசிட், அதையும் தண்ணி கலந்து நல்லா நீர்க்க வெச்சுத்தான் ஊத்துவாங்க. நீ பார்த்த வீடியோவுல ஊத்தறது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்த ராஜ திராவகம், அது வேற ஜாதி. உலோகத்துல பட்டதும் செம்பழுப்பு புகை வரும், அதை இழுத்தா அப்போதைக்கு லேசா இருமல் மட்டும்தான் இருக்கும், பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும். நான் நகைப் பட்டறையில தங்கம் சுத்தம் பண்ற வேலை கத்துக்கிட்ட காலத்துல கூட வேலை செஞ்ச ஒருத்தர் மத்தியானம் புகை இழுத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சிரிச்சுக்கிட்டே சோறு சாப்பிட்டாரு, ராத்திரி மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம். தாமான் வீட்டுல சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குது. அதனால ப்ராசசருக்கு வீட்டுல ஆசிட் வேணாம், இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

இப்ப தங்கம் எங்க இருக்குன்னு பாரு. 486 மாதிரி பீங்கான் உடம்பு உள்ள சிப்புல அடியில ஊசி மாதிரி 168 கால் இருக்கும், ஒவ்வொரு கால் மேலயும் முக்கால் மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துக்கு தங்க முலாம்னு வெச்சு நான் கணக்கு போட்டா மொத்த காலுக்கும் 10 மில்லிகிராம் பக்கம் வருது, அதாவது 100 சிப்பு சேர்ந்தா கால்ல மட்டும் சுமார் ஒரு கிராம். அது போக சிலிக்கான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியில, உள்ள ஓடற மெல்லிசு கம்பியில, சிலதுல மூடியிலயும் இருக்கும், அதனாலதான் பீங்கான் சிப்புக்கு மதிப்பு. 1995-ல வந்த பென்டியம் ப்ரோ கிடைச்சா அதுதான் ராஜா, அதை தனியா எடுத்து வை. பென்டியம் 4 பச்சை போர்டு மேல உட்கார்ந்தது, கால் 478 இருந்தாலும் சின்னது, முலாமும் ரொம்ப மெல்லிசு, எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்திடாத.

எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு ராஜ திராவகம் ஊத்தறதுதான் புதுசா வர்றவங்க செய்யற பெரிய தப்பு. காலுக்குள்ள இரும்பு, நிக்கல், கோபால்ட் கலவை இருக்கு, எல்லாம் கரைஞ்சு சேறு மாதிரி ஆயிடும், கரைஞ்ச தங்கம் மீதி இருக்கிற இரும்பு மேலயே திரும்ப போய் ஒட்டிக்கும், கடைசில தங்கம் எங்க இருக்குன்னே தெரியாது. பீங்கானை சுத்தியல்ல உடைக்கவும் வேணாம், சில பழைய எலக்ட்ரானிக் பீங்கான்ல பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அந்தத் தூசி நெஞ்சுக்கு விஷம்.

அதனால பாய் விரிச்சு உட்கார்ந்து பிரி, ஒரு வாரம் ஆனாலும் பரவால்ல. பீங்கான் தனி, பச்சை போர்டு தனி, ரேம் தனி. வெள்ளை பீங்கானும் தங்க மூடியுமா ரொம்ப பழசு ஏதாவது வந்தா கால் வளையாம பஞ்சுல சுத்தி வை, 1971-ல வந்த இன்டெல் 4004 மாதிரி சிப்பை சேகரிக்கிறவங்க தங்க விலையை விட எத்தனையோ மடங்கு கொடுத்து வாங்குவாங்க, அதைப் போய் கரைச்சா எனக்கு மனசு தாங்காது. மீதி பீங்கானை இ-கழிவு எடுக்க லைசென்ஸ் உள்ள இடத்துல தரம் பிரிச்சு எடைக்கு கொடு, கலந்த சாக்கா கொடுத்தா அடிமட்ட விலைதான் வரும்.

கையால செஞ்சு பார்க்கணும்னு ஆசை இருக்குல்ல, அதுக்கு ரேம் கார்டோட ஓரத்துல வரிசையா பளபளக்கிற தங்கப் பல்லு இருக்கு. அதை மட்டும் வெட்டி எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டு, பார்மசியில விக்கிற 3 சதவீத பெராக்சைடு கொஞ்சமே கொஞ்சம் விட்டா அடியில இருக்கிற செம்பு கரையும், தங்கம் கரையாம மெல்லிசு தகடா கழண்டு மிதக்கும். அவசரப்பட்டு பெராக்சைடை ஊத்திக்கிட்டே இருந்தா தங்கமும் கரைய ஆரம்பிச்சிடும், மீன் தொட்டி பம்பு வெச்சு காத்து விட்டா போதும், நாள் கணக்குல ஆகும். இதுவும் வீட்டை விட்டு தள்ளி வெட்ட வெளியில, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி, கையுறை போட்டுத்தான், பிள்ளைங்க வராத இடமா பாரு. மோட்டார் சைக்கிள் பக்கத்துல வெச்சிடாத, அந்த ஆவிக்கு சங்கிலி துரு பிடிச்சிடும். பக்கத்துலயே குளோராக்ஸ் (துணி வெளுக்கற ப்ளீச்) பாட்டில் இருக்கவே கூடாது, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு.

செம்பு கரைஞ்சு பச்சை நிறமான அந்த ஆசிட் தண்ணியை லோங்காங்ல (சாக்கடையில) ஊத்தாத தம்பி, அது ஆத்துக்குத்தான் போகும். 2019 மார்ச்ல ஜொகூர் பாசிர் கூடாங்ல கிம் கிம் ஆத்துல யாரோ கொட்டின ரசாயனத்தால ஆயிரக்கணக்கான பேர் மூச்சு திணறினதும் பள்ளிக்கூடம் எல்லாம் மூடினதும் மறக்கற விஷயமா? பழைய இரும்பு துண்டு போட்டு வெச்சா செம்பு அதுல இறங்கிடும், அப்புறம் சுண்ணாம்பு சேர்த்தா மீதி உலோகம் சேறா அடியில தங்கும். அந்த சேறையும் மூடின டப்பாவுல வெச்சு லைசென்ஸ் உள்ளவங்ககிட்டதான் கொடுக்கணும், எலக்ட்ரானிக் கழிவே இங்க மலேசியாவுல எஸ்டபிள்யூ 110-ங்கிற எண்ணுல, அட்டவணைக் கழிவுக்கான 2005 விதியில பட்டியல் போட்டு வெச்சிருக்கிற சாமான்.

மூக்குத்திக்கு வருவோம். பல்லுல கழண்ட தகடு பார்க்க நிறைய மாதிரி தெரியும், உருக்கினா கடுகு அளவுதான் நிக்கும், அதனால பீங்கான் வித்த காசையும் சேர்த்துக்கோ. தகட்டை நல்லா கழுவி காய வெச்சு உங்க ஊர் ஆசாரிகிட்ட கொடு, அவர் வெங்காரம் போட்டு மூசையில (உருக்கற கிண்ணத்துல) உருக்கி சுத்தம் பார்த்து, குறையற தங்கத்தை சேர்த்து 916-ஆ அடிச்சுக் கொடுப்பாரு, சொக்கத்தங்கமாவே செஞ்சா மெத்துனு இருக்கும், திருகு நிக்காது.