கஷ்டமும் இடமாற்றமும் வந்தாலும் தாய்–பிள்ளை பிணைப்பு எப்படி நிலைக்கிறது?

வறுமை, போர், ஊர் மாற்றம் என்று எல்லாமே குலைந்தாலும் இந்தப் பிணைப்பு ஏன் அறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது முதலில் ஒரு ஆள், இடமெல்லாம் அப்புறம்தான். பிறந்த சில நாட்களிலேயே அது தாயின் குரலைப் பிரித்தறிகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்கமும் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல பிள்ளைகளை அதிகம் உலுக்கியது. தாய் ஓரளவு நிதானமாகப் பக்கத்தில் இருந்தபோது, பயங்கரமான இரவுகளைக்கூட அவர்கள் தாங்கினார்கள்.

அதற்காகத் தாய் எந்நேரமும் பொறுமையாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இதை அழுத்தியே சொல்கிறேன். கஷ்டத்தில் இருக்கும் எத்தனையோ தாய்மார்கள் தேவையில்லாத குற்றவுணர்வில் தவிக்கிறார்கள். தாய்–சேய் உறவை நுணுக்கமாக ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக், நன்றாக ஒட்டியிருக்கும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை என்று கண்டார். பிசகியபின் மறுபடி சேர்வதில்தான் நம்பிக்கை வளர்கிறது. கோபத்தில் கத்திவிட்டீர்களா? சரி, கொஞ்ச நேரம் கழித்து அணைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பிரிவு காயப்படுத்தத்தான் செய்யும். திரும்பி வந்த தாயிடம் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வற்புறுத்தாமல், தினமும் ஒரே நேரத்தில் கதை, ஒரே தாலாட்டு என்று பழைய வழக்கங்களைத் தொடங்குங்கள்.