ஆர்வியில ரிட்டயர்மென்ட்: எந்த ஸ்டேட்டை நம்ம ஊர்னு வச்சுக்கறது? உங்க கேள்விகளுக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல வீட்டை வித்துட்டு ஆர்வியில, அதாவது வீடு மாதிரி இருக்கற வண்டியில சுத்தறவங்களும் லைசென்ஸ், டாக்ஸுக்கு ஒரு ஸ்டேட்டை சொந்த ஊர்னு வச்சுக்கணும், அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நானும் வீட்டுக்காரரும் நியூ ஜெர்சி எடிசன்ல இருந்த வீட்டை வித்துட்டு 2019-ல மோட்டர்ஹோம்ல கிளம்பினோம், அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறதுதான் என் வேலை. இப்போ எங்க லைசென்ஸ், வண்டி நம்பர் எல்லாம் சவுத் டகோட்டா. போன வாரம் கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததைச் சேத்து எழுதறேன்.

கேள்வி: அக்கா, ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்லாத ஊர் நிறைய இருக்கே, ஏன் எல்லாரும் டெக்சாஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோட்டா மூணை மட்டும் சொல்றாங்க?

அலாஸ்கா, நெவாடா, வயோமிங், டென்னசி கூட இருக்கு. நியூ ஹாம்ப்ஷயர்ல சம்பளத்துக்கு டாக்ஸ் எப்பவுமே கிடையாது, வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் மட்டும் போட்டுட்டு இருந்தாங்க, 2025-ல இருந்து அதுவும் போயிருச்சு. வாஷிங்டன்ல பாத்துப் போகணும், பெரிய அளவுல ஷேர் வித்து லாபம் வந்தா 2022-ல இருந்து கேப்பிட்டல் கெயின் டாக்ஸ் 7 சதவீதத்துல ஆரம்பிக்குது, எஸ்டேட் டாக்ஸும் (இறந்தவங்க விட்டுட்டுப் போற சொத்துக்குப் போடற டாக்ஸ்) உண்டு.

ஆனா நமக்கு டாக்ஸ் இல்லைங்கறது மட்டும் போதாதே, வீடே இல்லாத ஆளுக்கு லைசென்ஸ் குடுக்கணும், வண்டி பதியணும், தபால் வாங்கி அனுப்பி வைக்க ஒரு இடம் வேணும். இந்த மூணு ஸ்டேட்லயும் அதுக்குன்னே பல வருஷமா ஆளுங்க இருக்காங்க, டெக்சாஸ்ல லிவிங்ஸ்டன், ஃப்ளோரிடால கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ், சவுத் டகோட்டால ராபிட் சிட்டி பக்கத்துல பாக்ஸ் எல்டர். அங்க கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு "ஆர்விதான் எங்க வீடு"ன்னு சொன்னா ஆச்சரியமே இருக்காது.

கேள்வி: சவுத் டகோட்டால ஒரு ராத்திரி தங்கினா போதும்னு சொல்றது நிஜமா?

லைசென்ஸுக்கு எங்க விஷயத்துல அப்படித்தான் நடந்துச்சு. கேம்ப்கிரவுண்ட்லயோ ஹோட்டல்லயோ ஒரு ராத்திரி தங்கின ரசீது, தபால் சர்வீஸ்ல எடுத்த அட்ரஸுக்கான பேப்பர், பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, நிரந்தர வீடு இல்லாம டிராவல் பண்றவங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கற ஒரு உறுதிமொழி. லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. நாங்க போனப்போ ரசீதுல வீட்டுக்காரர் பேர் மட்டும்தான் இருந்துச்சு. கவுண்டர்ல இருந்த அம்மா அதை விரலால தொட்டுக் காட்டி "உங்க பேர் எங்கே?"ன்னாங்க. அவருக்கு வேலை முடிஞ்சுது, நான் திரும்ப கேம்ப்கிரவுண்டுக்கே போய் என் பேரையும் சேத்துப் பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன், ஒரு மதியம் பூரா போச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போறீங்கன்னா ரூம் போடும்போதே ரெண்டு பேரையும் எழுதச் சொல்லிடுங்க. அப்புறம் ஆகஸ்ட் முதல் ரெண்டு வாரம் அந்தப் பக்கம் போகவே போகாதீங்க, ஸ்டர்ஜிஸ்ல பைக் திருவிழா நடக்கும், இடமே கிடைக்காது.

ஓட்டுப் போடறது தனிக் கதை. 2023-ல சட்டம் மாத்தி, ஓட்டுக்குப் பதியறதுக்கு 30 நாள் அங்க வசிச்சிருக்கணும்னு கொண்டு வந்தாங்க. சிட்டிசன் ஆகி ஓட்டுப் போடறதை முக்கியமா நினைக்கறவங்க (நான் அப்படித்தான்) இதையும் கணக்குல வைங்க.

கேள்வி (கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல இருந்து): வீட்டை விக்க மனசு வரல மேடம், பொண்ணு அங்கேயே இருக்கா. டகோட்டா அட்ரஸ் எடுத்துட்டு வருஷத்துல அஞ்சாறு மாசம் வந்து தங்கினா கலிஃபோர்னியா டாக்ஸ் கட்ட வேண்டாம்தானே? 183 நாள், அதாவது பாதி வருஷத்துக்கு மேல இருந்தாத்தானே கணக்கு?

அண்ணா, இதுக்குத்தான் நான் இந்தப் பதிவே எழுதணும்னு நினைச்சேன். 183 நாளுக்குக் கீழ இருந்துட்டா தப்பிச்சோம்னு நினைக்கறது பெரிய தப்பு. கலிஃபோர்னியால ஒன்பது மாசத்துக்கு மேல இருந்தா நீங்க அந்த ஊர்க்காரர்னே எடுத்துக்குவாங்க, அதுக்காக அதுக்குக் கீழ இருந்தா இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உங்க டோமிசைல், அதாவது சட்டப்படி உங்க சொந்த ஊர், புதுசா ஒண்ணு நிஜமா ஏற்படற வரைக்கும் பழசேதான். மாறிட்டேன்னு நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். ஊர் ஊரா சுத்திட்டு இருக்கறவங்களுக்கு இதுல ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா "இவர் டூர் போயிருக்கார், வீடு இங்கதானே இருக்கு"ன்னு சொல்றது அவங்களுக்கு ரொம்ப ஈஸி.

என்ன பாப்பாங்கன்னா, வீடு எங்க, புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க எங்க, கார் எங்க பதிஞ்சிருக்கு, டாக்டர், பல் டாக்டர் எந்த ஊர், கிரெடிட் கார்டு எங்க தேய்ச்சிருக்கீங்க, இதெல்லாம். நியூயார்க்ல ஆடிட் பண்றவங்க அஞ்சு விஷயம் பாப்பாங்க, வீடு, தொழில், எத்தனை நாள், குடும்பம், அஞ்சாவது உங்க மனசுக்கு நெருக்கமான பொருள் எல்லாம் எங்க இருக்குன்னு. இது நான் கிளையன்ட்டுங்களுக்கு அடிக்கடி சொல்ற விஷயம். நம்ம வீட்டுல அது என்னன்னு யோசிச்சுப் பாருங்க, பூஜை ரூம்ல மாமியார் குடுத்த விளக்கு, கல்யாண ஆல்பம், லாக்கர்ல நகை, பொண்ணோட வீணை. அதெல்லாம் ஃப்ரீமாண்ட் வீட்டுலயே இருக்கு, கையில டகோட்டா லைசென்ஸ் மட்டும் இருக்குன்னா, உங்க ஊர் எதுன்னு நீங்களே சொல்லுங்க.

என் அபிப்ராயம், வீட்டை வித்துடுங்க, இல்லைன்னா வெளி ஆளுக்கு வருஷக் கணக்குல லீஸ் எழுதி வாடகைக்கு விடுங்க (அந்த வாடகைக்கு கலிஃபோர்னியா டாக்ஸ் உண்டு, எந்த ஊர்ல இருந்தாலும்). வீட்டு விலக்கு (குடியிருக்கற வீட்டுக்கான ப்ராப்பர்ட்டி டாக்ஸ் சலுகை), லைசென்ஸ், ஓட்டு, எல்லாத்தையும் அங்க ரத்து பண்ணுங்க. கிளம்பின வருஷத்துக்கு, அங்க இருந்த நாள் வரைக்குமான பார்ட்-இயர் ரிட்டர்ன் போடுங்க. எந்த நாள் எந்த ஊர்ல இருந்தீங்கன்னு டைரி எழுதுங்க, கேம்ப்கிரவுண்ட் ரசீதை வருஷவாரியா ஒரு கவர்ல போட்டு வைங்க. பொண்ணைப் பாக்க வாங்க, தாராளமா வாங்க, ஆனா விருந்தாளியா வாங்க.

கேள்வி: கலிஃபோர்னியாவுல சம்பாதிச்ச 401கே (கம்பெனி வழியா சேக்கற ரிட்டயர்மென்ட் பணம்), பென்ஷன் பணத்துக்கு அவங்க துரத்தி வந்து டாக்ஸ் கேப்பாங்களா?

கேக்க முடியாது தம்பி. 1996-ல ஃபெடரல் சட்டமே வந்துருச்சு, ஊரை விட்டுப் போனவங்களோட 401கே, ஐஆர்ஏ (நாமளே தனியா வச்சுக்கற ரிட்டயர்மென்ட் அக்கவுண்ட்), பென்ஷன் பணத்துல பழைய ஸ்டேட் கை வைக்கக் கூடாதுன்னு. ஆனா கம்பெனி ஷேரா குடுத்த ஸ்டாக் ஆப்ஷன், ஆர்எஸ்யு மாதிரி விஷயம் வேற. அங்க வேலை பாத்த நாள் கணக்குக்கு அவங்க பங்கு கேப்பாங்க.

ரோத் கன்வர்ஷன், அதாவது இப்பவே டாக்ஸ் கட்டி ஐஆர்ஏ பணத்தை ரோத் அக்கவுண்ட்டுக்கு மாத்தற எண்ணம் இருந்தா ஊர் மாறின பிறகு பண்ணுங்க. 9.3 சதவீத அடுக்குல இருக்கறவர் அங்க இருந்துட்டே ஒரு லட்சம் டாலர் மாத்தினா 9,300 டாலர் ஸ்டேட்டுக்கே போகும்.

கேள்வி (நேப்பர்வில்): நாங்க இல்லினாய்ஸ். ரெண்டு பேருக்கும் 66. வருமானம் ஐஆர்ஏ, சோஷியல் செக்யூரிட்டி (கவர்மென்ட் பென்ஷன்) மட்டும். எந்த ஸ்டேட் நல்லது?

இல்லினாய்ஸ்தான்மா நல்லது, இருந்த இடத்துலயே இருங்க! அங்க டாக்ஸ் 4.95 சதவீதம், ஆனா 401கே, ஐஆர்ஏ, பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி எதுக்கும் கிடையாது. பென்சில்வேனியாவும் ரிட்டயர் ஆனவங்களுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். வீடு இருந்தா ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பெரிசுதான், ஆனா வீட்டை வச்சுக்கிட்டு லைசென்ஸை மாத்தினா அது குறையாது. எவ்வளவு மிச்சமாகும்னு போன வருஷ ஸ்டேட் ரிட்டர்னை எடுத்து வச்சுப் பாருங்க, கட்டினது ஐநூறு டாலர்னா அதுக்காக டாக்டரை எல்லாம் மாத்தாதீங்க.

கேள்வி: எனக்கு 61, மனைவிக்கு 58. ஹெல்த் இன்சூரன்ஸ் எப்படி?

65-க்குக் கீழ இருக்கறவங்க டாக்ஸுக்கு முன்னாடி இதைப் பாருங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். மார்க்கெட்பிளேஸ் பிளான் (கம்பெனி வழியா இல்லாம நாமளே அரசாங்க சைட்ல வாங்கறது) நீங்க குடுக்கற கவுண்டியை, அதாவது மாவட்டத்தை வச்சுத்தான் கிடைக்கும், பல பிளான்ல அந்த ஏரியாவைத் தாண்டினா எமர்ஜென்சி மட்டும்தான். டெக்சாஸ்ல தனி ஆள் வாங்கற பிளான்ல பிபிஓ (நெட்வொர்க்குக்கு வெளியில இருக்கற டாக்டரையும் பாக்க விடற பிளான்) தேடித் தேடி அலுத்துப் போனவங்களை எனக்குத் தெரியும். ஃப்ளோரிடால வெளி ஸ்டேட்லயும் டாக்டரைப் பாக்கற மாதிரி பிளான் கிடைக்கறதாலதான் வயசு குறைஞ்ச ஆர்விக்காரங்க அங்க போறாங்க, வண்டி இன்சூரன்ஸ் ஜாஸ்தின்னு தெரிஞ்சே போறாங்க.

65 ஆயிட்டா ஒரிஜினல் மெடிகேர் (வயசானவங்களுக்கு அரசாங்கமே குடுக்கற இன்சூரன்ஸ்) நாடு பூரா செல்லும், அது கட்டாத மிச்சத்துக்கு மெடிகேப்னு தனியார் பாலிசி கூட எடுத்துக்குங்க. பார்ட் பி (மெடிகேர்ல டாக்டர் செலவுக்கான பகுதி) ஆரம்பிச்ச முதல் ஆறு மாசத்துக்குள்ள மெடிகேப் எடுத்தா உடம்புல என்ன இருந்தாலும் மறுக்க முடியாது, அதை விட்றாதீங்க. அட்வான்டேஜ் பிளான் (மெடிகேருக்குப் பதிலா தனியார் கம்பெனி நடத்தறது) ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கறவங்களுக்கு ஒத்து வராது, பொதுவா ஆறு மாசத்துக்கு மேல ஏரியாவுல இல்லைன்னா உங்களை பிளான்ல இருந்து எடுத்துருவாங்க.

கேள்வி: மொன்டானால எல்எல்சி (பேருக்கு ஒரு சின்ன கம்பெனி) போட்டு வண்டி வாங்கினா சேல்ஸ் டாக்ஸே இல்லையாமே?

வேண்டாம். மொன்டானால வசிக்காம வண்டியை மட்டும் கம்பெனி பேர்ல வைக்கறதைப் பல ஸ்டேட் பிடிச்சு டாக்ஸும் அபராதமும் போடுது, கிளெய்ம் வரும்போது இன்சூரன்ஸ்காரங்களும் கேள்வி கேப்பாங்க. நேர் வழியிலயே குறைவுதான், வண்டி வாங்கும்போது சவுத் டகோட்டா 4 சதவீதம், ஃப்ளோரிடா 6, டெக்சாஸ் 6.25. பெரிய வண்டி வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, வண்டி எடை 26,000 பவுண்டுக்கு மேல இருந்தா டெக்சாஸ்ல சாதா லைசென்ஸ் பத்தாது, வேற கிளாஸ் லைசென்ஸ் எடுக்கணும், அதுக்கு ஓட்டிக் காட்டணும்.

கேள்வி: குளிருக்கு நாலு மாசம் கோயம்புத்தூர் போயிடுவோம். ஏதாவது பிரச்சனை வருமா அக்கா?

ஸ்டேட் விஷயத்துல ஒண்ணும் இல்ல, உங்க ஊர் சவுத் டகோட்டான்னு ஆயிட்டா டிரிப் போயிட்டு வர்ற மாதிரிதான். என்ஆர்இ (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்தியாவுல வைக்கற பேங்க் அக்கவுண்ட்) வட்டிக்கு ஃபெடரல் டாக்ஸ் உண்டு, அது மாறாது, கலிஃபோர்னியாவுல இருந்தப்போ ஸ்டேட்டுக்கும் கட்டியிருப்பீங்க, அது மட்டும் போயிரும். எல்லா இந்திய அக்கவுண்ட்டும் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தா எஃப்பார் (வெளிநாட்டு அக்கவுண்ட் பத்தி அமெரிக்க அரசாங்கத்துக்குக் குடுக்கற ரிப்போர்ட்) போட மறக்காதீங்க. கிரீன் கார்டுல இருக்கறவங்க அமெரிக்காவுக்கு வெளியில ஆறு மாசத்தைத் தொடாதீங்க. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவுல செல்லாது, டிராவல் இன்சூரன்ஸ் தனியா எடுங்க.

போறதுக்கு முன்னாடி பேங்க் விஷயத்தையும் சரி பண்ணிட்டுப் போங்க. தபால் சர்வீஸ் அட்ரஸைக் குடுத்தா "இது நீங்க குடியிருக்கற இடம் இல்லையே"ன்னு சில பேங்க்ல நிறுத்தி வச்சுருவாங்க. எங்க அக்கவுண்ட்டை ஒரு பேங்க் அப்படி மூணு வாரம் பூட்டி வச்சுது, நாங்க அப்போ மதுரையில என் தம்பி வீட்டுல இருந்தோம், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு போன் பண்ணிட்டே இருந்தேன். ரெண்டு வேற வேற பேங்க்ல பணம் வைங்க, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அட்ரஸை மாத்தி, அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு டிக்கெட் போடுங்க.