மயிலைக் குளத்தில் சூரியன் எந்தப் பக்கம்?

கேள்வி: மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தை, ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கக் கரையில் நின்று பார்ப்பதுபோல் வாட்டர்கலரில் வரைந்து கொடுத்தேன். கேபிள் ஒயர், விளம்பரப் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ராஜகோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். குளத்தில் தண்ணீரைத் தளும்பவிட்டு, கோபுரத்துக்குப் பின்னால் மறையும் சூரியனை வைத்தேன். வாங்கியவரின் அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பார்த்ததும், "இது எங்க குளமே இல்லையே" என்று சொல்லிவிட்டாராம். எது தவறு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓவியருக்கு இந்த அளவு சுதந்திரம்கூடக் கிடையாதா?
— ஓவியர், சென்னை

பதில்: சுதந்திரம் தாராளமாக உண்டு. ஒயரை எடுத்தது அதற்குள் அடங்கும். அந்த அம்மாவும் அதைக் கேட்கவில்லை பாருங்கள். அவரை உறுத்தியது சூரியனாகத்தான் இருக்க வேண்டும். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. நீங்கள் நின்ற கரையிலிருந்து கோபுரத்தைப் பார்ப்பவர் கிழக்கே பார்க்கிறார். அங்கே சூரியன் உதிக்கும், மறையாது. மாலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து கோபுரத்தின் முகத்தில் விழும். பொம்மைகளின் நிறம் பளிச்சென்று தெரியும். காலையில் அதே கோபுரம் நிழலுருவமாகக் கறுத்து நிற்கும், ஓரங்களில் மட்டும் வெளிச்சக் கோடு. எழுபது வருடம் அந்த வழியே நடந்தவருக்கு இது திசைக்கணக்கு இல்லை, உடம்பில் ஊறிய பழக்கம். அதனால்தான் எது தவறு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நிலாவுக்கும் இதே கதைதான். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம் நடக்கும். அது பௌர்ணமிக் காலம், முழுநிலா அந்தியில் கிழக்கே எழும். எனவே தெப்பத்தையும் கோபுரத்தின் பின்னே எழும் வட்ட நிலாவையும் சேர்த்து வரையலாம். அதே அந்தி வானத்தில் பிறைநிலா வைத்தால் பொய். மாலைப் பிறை மேற்கில்தான் இருக்கும்.

கோபுரத்தை உயர்த்தியதைக் குற்றம் சொல்ல மாட்டோம். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் தூரத்தில் இருப்பதைச் சிறுத்துக் காட்டும். அந்தப் படத்தைப் பார்த்து வரைபவர் கோபுரத்தைப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால், நேரில் பார்த்த உணர்வு திரும்ப வரும். ஆனால் உயரத்தை மட்டும் இழுத்தால் ஏழு நிலைகளும் நீண்டு, அது வேறு ஊர்க் கோபுரமாகிவிடும். அகலத்தையும் சேர்த்துப் பெரிதாக்குங்கள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அகலத்தையும் உயரத்தையும் அங்கேயே அளந்து அந்த விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: முன்னால் சிறிய மேற்குக் கோபுரம், பின்னால் சுமார் 120 அடி ராஜகோபுரம். கரையில் நாலு அடி நகர்ந்தாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும். அழகுக்காக இடைவெளியை மாற்றினால், யாருமே நிற்க முடியாத ஓர் இடத்திலிருந்து வரைந்ததாகிவிடும்.

தண்ணீரில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பிம்பம் என்பது கோபுரத்தைக் கவிழ்த்து ஒட்டிய நகல் இல்லை. தண்ணீருக்குக் கீழே, உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிம்பம். ஆகவே எதிர்க்கரைப் படிகளும் முன்னாலுள்ள கட்டடங்களும், நேரில் மறைப்பதைவிட அதிகமாகக் கோபுரத்தைப் பிம்பத்தில் மறைக்கும். தண்ணீர் இறங்க இறங்கப் படிகள் கூடுதலாகத் தெரியும், பிம்பத்தில் கோபுரத்தின் மேல்நிலைகள் மட்டுமே மிஞ்சும். மழைக்காலக் குளம் என்று முடிவு செய்தால் தண்ணீர் நிறைய விடலாம். வானமும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும்.

எடுப்பதை ஊர்க்காரர்கள் மன்னிப்பார்கள், சேர்ப்பதை மன்னிக்க மாட்டார்கள். எடுக்கும்போதும் எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். ஒரு பூக்காரம்மா, ஓர் ஆட்டோ இருந்தால்தான் கோபுரத்தின் உயரம் புரியும்.

மாற்றியதை எழுதிவைப்பதில் வெட்கமே வேண்டாம். ஓவியர் எல் கிரேக்கோ ஸ்பெயினின் தொலேதோ நகரத்தை வரைபடத்தோடு சேர்த்து வரைந்த ஓவியத்தில், நகர வாசலை மறைத்த மருத்துவமனையை ஒரு மேகத்தின் மேல் தூக்கி வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று படத்திலேயே எழுதினார். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெலோட்டோ வரைந்த, போலந்துத் தலைநகர் வார்சாவின் தெருக்காட்சிகளைப் பார்த்துத்தான், இரண்டாம் உலகப்போரில் இடிந்த கட்டடங்கள் பலவற்றைத் திரும்பக் கட்டினார்கள். ஓவியத்துக்காக அவர் செய்த சில மாற்றங்களும் சேர்ந்து கட்டடமாகிவிட்டன. உங்கள் படத்தின் பின்பக்கம் எந்தக் கரை, எந்த மாதம், எத்தனை மணி, எதை எடுத்தீர்கள் என்று நாலு வரி பென்சிலில் எழுதுங்கள்.

இந்தப் படத்தைக் காப்பாற்ற முடியும். சூரியனைத் தொடாமல் அதைக் காலையாக்கிவிடுங்கள். 300 ஜிஎஸ்எம் (தடிமனான) காட்டன் தாள் என்றால் இன்னொரு வாஷ், அதாவது நீர்த்த நிறப் பூச்சு, தாங்கும். படம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து நிறைய நீர்விட்டு, அகலமான மென்தூரிகையால் கோபுரத்தின் மேல் ஒரே இழுப்பாக இழுங்கள். சூரியன் பக்க ஓரத்தில் நூல் அளவு விட்டுவிடுங்கள். போன இடத்தில் திரும்பத் தூரிகை வைத்தால் அடியிலுள்ள நிறம் கரைந்து சேறாகும். ஆட்களின் நிழல் நம்மை நோக்கி விழ வேண்டும். எதிர்ப்பக்கம் வரைந்திருந்தால் ஈரத் தூரிகையால் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும் தேலோ நீலம் பயன்படுத்தியிருந்தால் முழுதாக வராது, அங்கே படியின் நிழலாக மாற்றிக்கொள்ளுங்கள். சூரியன் கோபுரத்துக்கு வலப்பக்கம் என்றால் மார்கழி, இடப்பக்கம் என்றால் ஆனி. எது உங்கள் படத்தில் இருக்கிறதோ அந்த மாதத்தைப் பின்னால் எழுதி, அந்த அம்மாவிடமே மறுபடி காட்டுங்கள்.