வாயால் ஊதாதீர்கள்! சென்சர் தூசி பற்றிய கேள்விகளும் பதில்களும்

நல்லூர்த் திருவிழா முடிந்தால் எனக்கு வரும் கமராக் கேள்விகளில் பாதி, லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிகிற சென்சரில் விழும் தூசியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் எடுத்த பட்டப் படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டம் இல்லாத இடத்திலும் வானத்தில் கறுப்புப் புள்ளிகள். அதே கிழமை எடுத்த கலியாணப் படங்களில் ஒன்றுமில்லை. லென்ஸ் பழுதா? (பருத்தித்துறை)

லென்ஸில் பிழை இல்லை, சென்சரில் தூசி. மணவறையில் எஃப் 2.8 இல் எடுத்திருப்பீர்கள், வானத்துக்கு எஃப் 16 வைத்திருப்பீர்கள். அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரம், அகலமாக இருந்தால் (எஃப் எண் சிறிது) தூசியின் நிழல் கலைந்துவிடும், குறுக்கினால் (எஃப் எண் பெரிது) கூராக விழும். சோதிக்க வேண்டுமென்றால் எஃப் 22, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் குழப்பிவிட்டு, வெள்ளைச் சுவரை ஒரு செக்கன் அளவில் கமராவை அசைத்தபடி எடுங்கள். சுவரின் அழுக்கு கலைந்துபோகும், தூசி மட்டும் அசையாமல் நிற்கும். லென்ஸை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் அது சென்சரில்தான். ஆனால் எஃப் 22 இல் தெரிகிற ஒவ்வொரு புள்ளிக்கும் கமராவைத் திறக்க வேண்டாம். நீங்கள் வழக்கமாக எடுக்கும் எஃப் 8 இல் தெரியவில்லையா? அப்படியே விடுங்கள்.

வியூஃபைண்டரில் ஒரு மயிர் தெரிகிறது, படத்தில் வரவில்லை. (மானிப்பாய்)

அது வியூஃபைண்டருக்குக் காட்சி விழுகிற ஃபோகஸ் திரையில் இருக்கிறது. படத்துக்குக் கெடுதல் இல்லை. அந்தத் திரை சட்டென்று கீறுப்படும், தொடாதீர்கள்.

இரவுப் படங்களில் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. எத்தனை தரம் ஊதியும் போகவில்லை. (சாவகச்சேரி)

தூசி நிழல்தான் போடும், ஒளிராது. அது ஹாட் பிக்சல், சென்சரில் பழுதாகி ஒளிர்கிற ஒரு புள்ளி. உங்கள் கமரா மெனுவில் அதை மறைக்கிற பிக்சல் மேப்பிங் இருந்தால் ஓடவிடுங்கள், இனி ஊத வேண்டாம்.

லென்ஸைக் கழற்றி வாயால் நன்றாக ஊதினேன், பிறகு லேஞ்சியால் மெதுவாகத் துடைத்தேன். புள்ளி போய்விட்டது, ஆனால் இப்போது வட்டம் வட்டமாகக் கறை. (கோப்பாய்)

எத்தனை வருடமாக இதைச் சொல்கிறேன்! வாயால் ஊதினால் காற்று மட்டும் போவதில்லை, எச்சிலும் போகிறது. கண்ணுக்குத் தெரியாத துளிகள் சென்சருக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் கண்ணாடியில் விழுந்து காய்ந்து கறையாகின்றன. காய்ந்த தூசி, கையால் அமுக்கிக் காற்றடிக்கிற ரப்பர் புளோவரின் இரண்டு அமுக்கில் போயிருக்கும், அதை நீங்கள் ஈரமாக்கி ஒட்டிவிட்டீர்கள். அதற்கு மேல் லேஞ்சி! கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதியில் மணலும் கலந்திருக்கிறது. மணல் என்றால் குவார்ட்ஸ், அது கண்ணாடியை விடக் கடினம். அதைத் துணியால் இழுத்தால் கீறல்தான், கீறினால் கண்ணாடியை மாற்ற வேண்டும். எத்தனை கலியாண வீடுகளில் பார்த்துவிட்டேன், தாலி கட்டுகிற நேரம் நெருங்கும்போது லென்ஸைக் கழற்றி ஒரு ஊது ஊதிவிட்டு அடுத்ததை மாட்டுகிறார்கள். நானும் முதல் கமராவில் இதைத்தான் செய்தேன். கறையை எடுக்கக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு இரண்டு கிழமை கமரா இல்லாமல் இருந்தேன், கையில் இருந்த ஒரு கலியாணத்தை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, இனிச் செய்ய வேண்டியது. பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், நடுவில் இறங்கினால் சென்சரை மூடுகிற ஷட்டர், துடைக்கிற சுவாப் குச்சியின் மேலே மூடும். ஃபேனை நிறுத்துங்கள். மெனுவில் சென்சர் கிளீனிங் போட்டு, லென்ஸ் கழற்றிய கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, புளோவரால் பத்துப் பதினைந்து தரம் ஊதுங்கள். புளோவரின் மூக்கு உள்ளே போகக்கூடாது. இன்னொரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கறை ஒட்டிவிட்டதால் ஈரச் சுவாப் தேவைப்படும். பெரிய சென்சரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மில்லிமீற்றர் அகலச் சுவாப், சிறியதான ஏபிஎஸ்-சிக்கு 16. சென்சருக்கென்றே விற்கிற மெத்தனோல் திரவத்தில் இரண்டு சொட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒரே இழுவை, சுவாப்பைத் திருப்பித் திரும்ப ஒரே இழுவை, அப்புறம் எறிந்துவிடுங்கள். ஒரு சுவாப்பை இரண்டாம் தரம் பாவிக்க வேண்டாம். ஃபார்மசி ஸ்பிரிட்டும் ஓடிக்கொலோனும் வேண்டவே வேண்டாம். கை நடுங்குகிறவர் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதில் வெட்கம் இல்லை.

டின்னில் வருகிற காற்று அடிக்கலாமா? டயர் கடையில் கொம்பிரசர் இருக்கிறது, அது? (சுன்னாகம்)

இரண்டும் கூடாது. டின் சாய்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் பீறிட்டு உறைந்து கறையாகும். கொம்பிரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வரும்.

கமராவை நிறுத்தும்போது அதுவே சென்சரைக் குலுக்கிச் சுத்தம் செய்கிறதே, பிறகேன் இவ்வளவு பாடு? (திருநெல்வேலி)

2003 இல் ஒலிம்பஸ் ஈ-1 கொண்டுவந்த ஏற்பாடு அது, நல்லதுதான். காய்ந்த தூசியை உதிர்க்கும். எண்ணெயையும் எச்சிலையும் அசைக்காது.

படத்தில் இடது மேல் மூலையில் புள்ளி. சென்சரில் எங்கே தேட? (மாணவர்)

தம்பி, கமராவை உங்களை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் இடது கீழ் மூலை. மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் மாறாது.

சென்சர் பழுது. எவ்வளவு செலவு முடியும்?

என்ன கமரா என்று இல்லை, என்ன பழுது என்று இல்லை, ஒரு படமும் இல்லை. எஃப் 22 இல் ஒரு படம் எடுத்து, கமராவின் மொடலோடு அனுப்புங்கள். அதுவரை சென்சரைத் தொட வேண்டாம்.

பழைய நிக்கொன் டி600 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (கொக்குவில்)

2012 இல் வந்த அந்த மொடலில் சென்சரில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுகிற சிக்கல் இருந்தது, பெரும்பாலும் படத்தின் இடது மேல் பக்கம். அடுத்த வருடமே புது ஷட்டரோடு டி610 வந்தது. 2014 இல் டி600 க்கும் இலவசமாக ஷட்டர் மாற்றிக் கொடுக்க நிறுவனம் முன்வந்தது. ஷட்டர் மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் நல்ல கமரா.

வரவேற்பு நிகழ்வில் டிஜே லேசர் லைட் போட்டார்கள். அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் குறுக்கே ஒரு பச்சைக் கோடு. சுவாப்பால் போகுமா? (நெல்லியடி)

போகாது. லேசர் சென்சரையே சுட்டுவிட்டது. சென்சரை மாற்றத்தான் வேண்டும், செலவு பெரிது. மனது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வீண் நம்பிக்கை தர மாட்டேன். மற்றவர்கள் கவனியுங்கள்: லேசர் ஓடுகிற மண்டபத்தில் கமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கமரா) என்றால் இன்னும் கவனம், அதில் சென்சர் எந்நேரமும் திறந்தபடிதான்.

நல்லூரில் தேரன்று லென்ஸ் மாற்றாமல் முடியவில்லை. தூசி வராமல் எப்படி? (இரண்டு மூன்று பேர்)

வீதியெல்லாம் வெள்ளை மணல், காற்றில் திருநீறும் கற்பூரப் புகையும், சோளகமும் அடித்தால் கேட்க வேண்டாம். முடிந்தால் ஒரே சூம் லென்ஸோடு நில்லுங்கள், அல்லது இரண்டு கமரா. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, காற்றுக்கு முதுகு காட்டி, கமராவை நிறுத்தி, வாயைக் கீழே பிடித்து மாற்றுங்கள். அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தி வையுங்கள். கசூரினாக் கடற்கரைக்கும் இதுதான், அங்கே மண்ணோடு உப்பும் சேரும். இன்னொன்று யாரும் கேட்கவில்லை: அந்தப் பின்மூடிகளைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பையின் அடியில் கிடந்த மூடியில் இருக்கிற புழுதி லென்ஸின் பின்புறத்தில் ஒட்டி, அங்கிருந்து உள்ளே போகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு நாள் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.