பதினொன்று போடலாமா? குன்னூர் மேஜையிலிருந்து சில பதில்கள்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. அதற்கு அப்புறம் குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் என் மேஜைக்கு வரும் சிஸ்டங்களில் பாதி, "பதினொன்று போடலாமா?", அதாவது விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்ற கேள்வியோடுதான் வருகின்றன. போட்டதும் பறக்கிறது என்பவரும் உண்டு, போட்டுக் கெட்டேன் என்பவரும் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். சிஸ்டம்தான் வேறு வேறு.

அண்ணா, பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதும் டெஸ்க்டாப், இன்டெல் ஐ5-7400 பிராசஸர். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் 11-க்குத் தகுதி இல்லை என்று வருகிறதே? (கோத்தகிரி)

கோடுக்குப் பின்னால் இருக்கும் 7-தான் காரணம். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழாவதில் ஒன்றிரண்டு மட்டும் விதிவிலக்கு. வேகத்தை வைத்துப் போட்ட விதி இல்லை இது, பாதுகாப்பை வைத்துப் போட்டது. நல்ல மெஷினை ஓரங்கட்டச் சொல்வது எனக்கும் பிடிக்கவில்லை. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கணக்கு இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால், 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும். அதற்குள் வேறு மெஷின் பாருங்கள். பிரவுசரும் மெயிலும் மட்டும் போதுமென்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இதையே இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

ஏஎம்டி ரைசன் 5 2600 பிராசஸர் வைத்திருக்கிறேன். டிபிஎம் (11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்கிறது. போர்டையே மாற்றணும் என்றார் ஒருவர். (ஊட்டி)

மாற்ற வேண்டாம் சார், முதலில் பயாஸை, அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸை, திறந்து பாருங்கள். உங்கள் பிராசஸருக்குள்ளேயே டிபிஎம் இருக்கிறது, அணைத்து வைத்திருப்பார்கள். ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இன்டெலில் பிடிடி என்றும் பெயர். 'எனேபிள்' செய்தால் வேலை முடிந்தது.

ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது, கை பழகவில்லை. பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் திறக்குமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்)

டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, செட்டிங்ஸ் போய், 'லெஃப்ட்' என்று மாற்றுங்கள் டீச்சர். பழைய இடத்துக்கே வந்துவிடும். ரைட் கிளிக் மெனுவும் மாறியிருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழையது வரும். பாமினி வெறும் எழுத்துருதான், அந்த ஃபைலை மறுபடி நிறுவிக்கொண்டால் கடிதங்கள் அப்படியே தெரியும். புதிதாக அடிப்பதை மட்டும் யூனிகோடில் அடியுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இப்போதே அப்டேட் கொடுக்கலாமா, மழை முடியட்டுமா? (கூடலூர்)

கட்டாயம் மழை முடியட்டும். ஜூலையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் எப்போது கரன்ட் வரும் என்று யாருக்குத் தெரியும்? பாதியில் அணைந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும், ஆனால் அந்த 'பெரும்பாலும்' என்பதை நம்பி நான் கடை மெஷினில் கை வைக்க மாட்டேன். யூபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி இருபது நிமிடமாவது தாங்குகிறதா என்று சோதித்துவிட்டு ஆரம்பியுங்கள். டவுன்லோடு சில ஜிபி இருக்கும், மொபைல் டேட்டாவை நம்ப வேண்டாம். உங்கள் பழைய பிரின்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

இன்னொன்று. நம் ஊர் ஈரத்துக்கு விண்டோஸ் பழி சுமக்கிறது. "பதினொன்று போட்டதும் செத்துப்போச்சு" என்று போன மழையில் ஒரு டெஸ்க்டாப் வந்தது. திறந்தால் ரேம் ஸ்லாட்டில் பூஞ்சை. ரேமின் தங்க முனையை அழிரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து மாட்டினேன், எழுந்துவிட்டது. வாரக்கணக்கில் ஆன் செய்யாமல் வைத்த மெஷின் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள்.

11-க்கு மாறி ஒரு வாரம் ஆச்சு அண்ணா, லேப்டாப் ஆமையா போகுது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். திரும்பிப் போகலாமா? (மாணவர், மஞ்சூர்)

பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் 'ரெகவரி' போய் 'கோ பேக்' கொடு தம்பி. அதுவரை டிஸ்க் கிளீனப் ஓட்டாதே, பழைய விண்டோஸ் அழிந்துவிடும். காசு இருந்தால் திரும்ப வேண்டாம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடு. 4 ஜிபி என்பது ஏறுவதற்கான அளவு, வேலை செய்ய 8 வேண்டும்.

எல்லாருக்கும் சொல்கிறீர்கள், உங்கள் வீட்டில் எது? (அருவங்காடு)

கடை மேஜையில் 11. வீட்டில் இன்னும் 10. வீட்டம்மா டாஸ்க்பாரைத் திரையின் மேலே வைத்துப் பழகியவர். 2021-இல் 11 வந்தபோதே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மாற்றட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கத் தைரியம் இல்லை.