கோட்டுக்குக் கீழே என்ன எண்? அறிவியல் கல்லூரி ஆண்டறிக்கை: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்து அறிவியல் கல்லூரிகளில் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிக் குழு) வேலை பார்ப்பவர்கள், துறைத் தலைவர்கள், ஆய்வக உதவியாளர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சதவீதம் எழுதினால் பகுதியையும் எழுதுங்கள். பின்னத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்ணைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டி, கணித ஆசிரியை: எங்கள் பி.எஸ்சி. கணிதத்தில் தேர்ச்சி 84 சதவீதம். போன வருஷத்தைவிடக் கூடுதல். இதை மாணவர் முன்னேற்றம் என்று அறிக்கையில் போடலாமா?

போடலாம் அம்மா, ஆனால் எந்த 84? ஒரு கணக்கு பாருங்கள். முதலாண்டில் சேர்ந்தவர்கள் 56 பேர். இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்கள் 44. எல்லாத் தாளிலும் தேறியவர்கள் 37. 37ஐ 44ஆல் வகுத்தால் 84 சதவீதம். 56ஆல் வகுத்தால் 66. இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் கணக்கில் 12 பிள்ளைகள் காணாமல் போய்விட்டார்கள். இன்னும் நாலு பேர் படிப்பை விட்டால் உங்கள் சதவீதம் ஏறத்தான் செய்யும்! அது முன்னேற்றமா?

ஆகவே இரண்டு எண்ணையும் போட்டு, அந்த 12 பேரையும் பிரித்துக் காட்டுங்கள். பொறியியல், நர்சிங் கலந்தாய்வில் இடம் கிடைத்து முதல் இரண்டு மாதத்தில் டி.சி. வாங்கிப் போனவர்கள் ஒரு வகை. அவர்களைக் கழிக்கலாம், அதற்குச் சேர்க்கை முடிந்த ஒரு தேதியைக் குறித்து, அன்றைய பதிவேட்டை அடிப்படையாக வையுங்கள். வேலைக்குப் போனவர்கள், திருமணமாகிப் போனவர்கள், அரியர் குவிந்து நின்றவர்கள் தனித்தனி வகை. கல்லூரியால் ஏதாவது செய்ய முடிந்தது கடைசி வகையில்தான். கணிதத்தில் அது பெரும்பாலும் முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்குக் கணக்கு வரும், ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் தேற்றத்தின் வாசகம்தான் பிடிபடாது. இணைப்புப் பாடவகுப்பு நடத்துகிறவர்கள் பழையபடி பிளஸ் டூ பாடத்தையே திருப்பி நடத்தாமல், ஒரு தேற்றத்தை எடுத்து "இஃப்", "தென்", "தேர் எக்ஸிஸ்ட்ஸ்", "ஃபார் எவ்ரி" ஒவ்வொன்றும் தமிழில் என்ன சொல்கிறது என்று பத்து நாள் பழக்கினால் போதும்.

இன்னொன்று, செய்முறை வகுப்பை மாலை 5 மணி வரை இழுத்தால் பேரையூர், எழுமலைப் பக்கம் போகிற பிள்ளைகள் நாலேகாலுக்கே பையை மூட்டை கட்டுவார்கள். வருகைப்பதிவு குறைவது சோம்பலால் என்று எழுதும் முன் பஸ் நேரத்தைப் பாருங்கள்.

மேலூர், வணிகவியல் துறை: யு.ஜி.சி. கேர் பட்டியலில் (தரமானவை என்று ஏற்ற ஆய்வு இதழ்களின் பட்டியல்) எங்கள் இதழ் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

2018இல் அறிவித்த கேர் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலைக் கல்லூரிகளே வகுத்துக்கொள்ளச் சொல்லி, மாதிரிக் குறிப்புகள் மட்டும் தந்தது. ஆக, உங்கள் கல்லூரி ஆய்வுக்குழு ஒரு தீர்மானம் போட்டு அளவுகோலை எழுதி வைக்க வேண்டும். பட்டியல் இருந்த காலத்தில் வந்த கட்டுரை என்றால், அன்று இதழ் பட்டியலில் இருந்ததற்கான அத்தாட்சியைக் கோப்பில் வையுங்கள்.

திருப்பரங்குன்றம், வேதியியல் ஆசிரியர்: 62 கட்டுரைகள் என்று துறைகள் கொடுத்த பட்டியல் சொல்கிறது. ஸ்கோபஸில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் இணையத் தரவுத்தளம்) தேடினால் 35தான் வருகிறது. எங்கே பிசகு?

மூன்று இடத்தில் இருக்கும். முதலாவது, இரட்டை எண்ணிக்கை. ஒரே கட்டுரையை வேதியியலில் இருவரும் இயற்பியலில் ஒருவரும் எழுதியிருந்தால் பட்டியலில் மூன்று வரி விழும். டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாள எண், 10 என்று தொடங்குவது) ஒரு நெடுவரிசையில் போட்டு வரிசைப்படுத்துங்கள். ஒரே எண் இரண்டு தரம் வந்தால் ஒன்றை அடியுங்கள்.

இரண்டாவது, கல்லூரிப் பெயர். ஒருவர் முழுப்பெயர் எழுதுவார், ஒருவர் சுருக்கி எழுதுவார், ஒருவர் கல்லூரியை விட்டுவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று மட்டும் போட்டுவிடுவார். கடைசியில் சொன்ன கட்டுரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் போய்ச் சேரும், உங்களுடையதில் வராது. பெயரை எந்த எழுத்தில், எந்த வரிசையில் எழுதுவது என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை விடுங்கள். ஆளுக்கொரு ஆர்கிட் எண் (ஆய்வாளரின் அடையாள எண், 16 இலக்கம்) கட்டாயமாக்குங்கள்.

மூன்றாவதுதான் வில்லங்கம்: போலி இதழ். உண்மையான இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண்ணையும் திருடி வேறு இணையதளம் நடத்துகிறார்கள். எண்ணைத் தட்டினால் சரியாகத்தான் காட்டும். ஆகவே இதழைத் தேடுவதோடு நிற்காமல் கட்டுரைத் தலைப்பையே ஸ்கோபஸில் தேடுங்கள். இதழ் பக்கத்தில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பாதியில் நீக்கப்பட்ட இதழ்கள் நிறைய. "ஏழு நாளில் ஏற்பு, கட்டணத்தை ஜி பே பண்ணுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எண்ணி முடித்தபின் பகுதியைப் போடுங்கள்: முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், அவர்களில் கட்டுரை எழுதியவர் எத்தனை பேர். உதாரணமாக, 41 கட்டுரையில் 30ஐ இரண்டே பேர் எழுதியிருந்தால் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

திருமங்கலம், ஆய்வு மாணவர்: சார், கேர் பட்டியல் இதழில் போட்டால்தான் பிஎச்.டி. தருவார்களா?

பட்டியல் பற்றி மேலே சொல்லிவிட்டேன் தம்பி. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறையில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக நிபந்தனை வைத்திருக்கலாம்; பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பசுமலை, தாவரவியல்: 50 கிலோவாட் சோலார் போட்டோம். மழைநீர்க் குழியும் போர்டும் புகைப்படமாக இருக்கின்றன. சுற்றுச்சூழல் பகுதிக்குப் போதுமா?

போர்டு போதாது. சோலாரில் 50 என்பது திறன். அறிக்கைக்கு வேண்டியது யூனிட். நம் ஊர் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட், ஆக 200 யூனிட் வர வேண்டும். மாதாமாதம் மீட்டரைக் குறியுங்கள். 130தான் வருகிறதென்றால் தண்ணீர்த் தொட்டி நிழல், தூசி, புறா எச்சம் மூன்றில் ஒன்று. பேனலை விடிகாலையில் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும். வந்த யூனிட்டைக் கல்லூரியின் மொத்த யூனிட்டால் வகுத்துப் போடுங்கள். (மறுபடியும் பகுதிதான்.)

மழைக்கு: ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 1,000 சதுர மீட்டர் மாடி, ஐப்பசியில் ஒரே நாளில் 50 மி.மீ. பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லிட்டர். குழி அதை உள்வாங்குமா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். வண்டல் அடைத்த குழி வெறும் பள்ளம். வேதியியல் ஆய்வகக் கழிவுக் குழாய்ப் பக்கம் குழி வெட்டவே கூடாது.

அனுப்பானடி, இயற்பியல் ஆசிரியர்: தண்ணீர்ச் சிக்கனம் என்று பேசுகிறோம். ஆய்வகத்தில் தண்ணீர் அதிகம் போவது எங்கே?

வாலை வடிகலனில். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர் எடுக்க 0.7 யூனிட் மின்சாரம். அந்த நீராவியைக் குளிர்விக்க, குளிர்நீர் 30 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்தால், 20 லிட்டர். குழாயை முழுக்கத் திறந்து வைத்தால் இன்னும் மேல். நாளைக்கு 20 லிட்டர் வடித்தால் குறைந்தது 400 லிட்டர் சாக்கடைக்கு.

அதே ஆசிரியர்: கணக்கு சரி. ஆனால் அது சுத்தமான தண்ணீர்தானே? தோட்டத்துக்கு விட்டால் வீணாகாது. நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

தோட்டத்துக்கு விட்டால் வீணில்லை, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை கல்லூரியில் அந்தக் குழாய் தோட்டத்துக்குப் போகிறது? சிங்க்கில்தான் விழுகிறது.

ஆரப்பாளையம், நுண்ணுயிரியல்: வடிகலனைத் தூக்கிப் போட்டு ஆர்.ஓ. வாங்கினால் வேலை முடிந்தது.

முடியாது. சிறிய ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீர் தள்ளும், அது உப்புக் கூடிய நீர், செடிக்கும் ஆகாது. வடிகலனின் 20 லிட்டரோடு ஒப்பிட்டால் இந்த 3 லிட்டர் குறைவுதான், உண்மை. ஆனால் ஆர்.ஓ. நீர் மட்டும் டைட்ரேஷனுக்கு (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) ஆகாது, பின்னால் அயனி நீக்கும் ரெசின் வேண்டும். ரெசினில் பாக்டீரியா வளரும் என்பது உங்கள் துறைக்கே தெரியும். கண்ணாடி கழுவ ஆர்.ஓ., கரைசல் தயாரிக்க வடிநீர் என்று பிரித்தால் வடிக்கும் அளவு பாதியாகும். கடத்துத்திறன் மீட்டரில் 5 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

வாடிப்பட்டி, ஆய்வக உதவியாளர்: ஐயா, குழாயை யாரும் ஆசைக்கு முழுசாத் திறக்கல. மேல்தொட்டியில தண்ணி இறங்க இறங்க வேகம் குறையும். குறைச்சு வச்சிட்டுப் போனா அரை மணியில ஆவி வெளிய அடிக்கும். அப்புறம் யார் பதில் சொல்றது?

இதுதான் சரியான மறுப்பு, நான் விட்ட இடம். தண்ணீர் வேகம் நிலையாக இல்லாதவரை "குறைத்துத் திற" என்று சுற்றறிக்கை விடுவதில் பயனில்லை. அதற்கு வழி சுழற்சிதான்: சின்ன மோட்டார், ஒரு தொட்டி, வெளிவரும் குளிர்நீர் திரும்பத் தொட்டிக்கே. 200 லிட்டர் டிரம் வேண்டாம். வடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் டிரம் 3 டிகிரி சூடாகும், பத்து லிட்டரில் 30 டிகிரி ஏறிவிடும். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் லிட்டருக்கு 0.6 டிகிரிதான். 20 லிட்டர் வடித்தாலும் 12 டிகிரிதான் ஏறும், இரவில் ஓரளவு ஆறும். நிழலில் வையுங்கள். தண்ணீர் ஓட்டம் நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி ஒரு ஃப்ளோ சுவிட்ச் வைத்து இணையுங்கள்.

அனுப்பானடி, இயற்பியல் ஆசிரியர்: அப்படியானால் தோட்டத்துக்குக் குழாய் போடுவதே மலிவு என்பேன்.

மலிவு. மழைக்காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாமே, அப்போது? இரண்டையும் செய்யுங்கள் சார், என்னை விடுங்கள்.

நாகமலை, வேதியியல்: டைகுரோமேட் (குரோமியம் உள்ள நச்சு ரசாயனம்) கழிவை என்ன செய்வது? இப்போது தண்ணீர் விட்டு ஊற்றுகிறோம்.

நிறுத்துங்கள். தண்ணீர் கலந்தால் செறிவுதான் குறையும், குரோமியம் குறையாது. தனிக் கேனில் சேர்த்து, அமிலத் தன்மையில் ஃபெரஸ் சல்ஃபேட் போடுங்கள். ஆரஞ்சு நிறம் போய்ப் பச்சையானபின் சுண்ணாம்பு சேர்த்து பி.எச். 8 முதல் 9க்குக் கொண்டுவாருங்கள். வீழ்படிவை வடிகட்டி, காயவைத்து, பெயரும் தேதியும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள். 20 மி.லி. பிப்பெட்டை 10 ஆக்கினால் கழிவும் பாதி, ரசாயனச் செலவும் பாதி. நைட்ரிக் அமிலம் இருக்கும் கேனில் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ ஊற்றி மூடாதீர்கள். வாயு கிளம்பிக் கேன் வெடிக்கும்.

சோழவந்தான்: புதுமைப்பெண் திட்டத்தில் எங்கள் மாணவியர் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். இது கல்லூரியின் சாதனையா?

அரசு உதவி என்ற தலைப்பில் போடுங்கள். சாதனை அரசுடையது, 2022இல் தொடங்கியது. தகுதியுள்ளவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்பது உங்களுடையது. பகுதி!

செக்கானூரணி: கேர் பட்டியல் இதழ் ஒன்று பரிந்துரைக்க முடியுமா?

முடியாது. இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

விளாங்குடி: இணைப்பேராசிரியர் பதவி உயர்வுக்கு எத்தனை மதிப்பெண்?

கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம்.

வாடிப்பட்டி, ஆய்வக உதவியாளர்: ஐயா, சுழற்சி சரி. வடிகலன் ஹீட்டர்ல போர் தண்ணி உப்பு சுண்ணாம்பு மாதிரி படியுது. சுத்தியால தட்டி எடுக்கலாமா?

தட்டாதீர்கள், ஹீட்டர் உறை கீறி ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் கொட்டிவிட்டு, இன்னும் படிவு இருந்தால் மறுபடி ஒரு தரம். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், உலோக உறையைத் தின்னும். கழுவியபின் முதலில் வடியும் இரண்டு லிட்டரைக் கரைசலுக்கு எடுக்காமல் கண்ணாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.